ஏலக்காய் மென்ற வாய்

நேற்று பாண்டிச்சேரி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வாயைத் திறந்ததும் சாராய நெடியும் அதை மறைக்க மென்ற ஏலக்காயும் சேர்ந்து முகத்தில் அடிக்க, மரக்காணம் உப்பளத்தோரத்து டியூஷன் கொட்டகையும், அதன் கீற்றைப் படபடவென்று அடித்த உப்புக்காற்றும், இதே வாயோடு விடிந்ததும் இங்கிலீஷ் நடத்திய சாரும் என எல்லாம் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தன.

டிஸிபேட் என்ற வார்த்தைக்கு அவர் இரண்டு அர்த்தம் சொன்னார். பாத்திகளின் மேல் கலைந்த பனியைக் காட்டி, "செதறிப் போறது, அது ஒண்ணு" என்றார். வரப்பில் உப்புக்கூடையோடு போன என் அப்பாவைக் காட்டி, "குடிச்சே அழியறது, அது ரெண்டாவது. தோ போறான் பாரு, இவ அப்பன்!" என்றார். கொட்டகையே சிரித்தது. அப்பா குடிப்பார்தான், சாரும் அதே கடையில்தான் குடித்தார்.

சிரிப்புச் சத்தம் கேட்டு அப்பா கூடையை இறக்கிவைத்துக் கைகூப்பினார். "கும்புடுறேன் சார், பொண்ணு நல்லா படிக்குதுங்களா?"

"பிரமாதமா படிக்கிறா" என்ற சார் இன்னொரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டார்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ரிசார்ட்டுக்கு வரும் கார்கள் நிற்கின்றன. நன்றாக நிற்கட்டும். என் வீட்டுப் பாயசத்தில் இன்றுவரை ஏலக்காய் விழுந்ததில்லை.