கையைக் கட்டிக்கொண்ட தேவகி டீச்சர்

செய்தி வந்தபோது நான் எட்டாம் வகுப்பில் கரும்பலகை முன் நின்றுகொண்டிருந்தேன். "தேவகி டீச்சர் காலையில தவறிட்டாங்கம்மா" என்றார் தலைமையாசிரியர், வாசலில் நின்றபடி. கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நண்பர்களே, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கணித ஆசிரியர்கள் நாம் மாதம் ஒருமுறை கூடுவது அவர் செய்த ஏற்பாடு. ஒருவர் பாடம் எடுப்பார், மற்றவர்கள் கடைசி பெஞ்சில் இருந்து கவனிப்போம், பிறகு பேசுவோம். ஆனால் ஒருவர் தடுமாறினால் போதும், எழுந்துபோய் சாக்பீஸைப் பிடுங்கிவிடுவோம். கணக்கு வாத்தியார்களுக்கே உள்ள வியாதி அது. ஒருமுறை நான் அப்படி எழுந்தபோது டீச்சர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "இன்னாம்மா அவசரம்? நீ போட்டா கணக்கு முடிஞ்சிடும், அவங்க தைரியமும் முடிஞ்சிடும். கையக் கட்டிக்கினு உக்காரு."

இந்தக் கூட்டங்களை நிறுத்திவிடலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்த நாள் நினைவிருக்கிறதா? அன்று பாடம் எடுக்க டீச்சர் நிறுத்தியது, நம்மில் அதிகம் பயந்தவரான நாகராணியை! வேறு ஆளைப் போடச் சொல்லிக் கெஞ்சினோம். அவர் அசையவில்லை. "மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் மிஸ் பிளஸ் வருது?" என்று ஒரு சிறுமி கேட்டதும் நாகராணி உறைந்துபோனார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "யாராச்சும் போய் உதவக் கூடாதா?"

"அவங்க யோசிக்கிறாங்க சார். இருங்க" என்றார் டீச்சர். குரல் அமைதியாகத்தான் இருந்தது. கட்டிய கைகளை அவர் இன்னும் இறுக்கிக்கொண்டதைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன்.

நாகராணி மெல்ல எழுதத் தொடங்கினார். மைனஸ் இரண்டை மூன்றால், இரண்டால், ஒன்றால், பூஜ்யத்தால் பெருக்கினார். மைனஸ் ஆறு, மைனஸ் நான்கு, மைனஸ் இரண்டு, பூஜ்யம்.

"நைனா, எவ்ளோ எவ்ளோவா ஏறுது?" என்று பிள்ளைகளைச் செல்லமாகக் கேட்டார்.

"ரெண்டு ரெண்டா, மிஸ்!"

"அப்போ அடுத்தது, மைனஸ் ஒன்னால பெருக்கினா?"

"பிளஸ் ரெண்டு!" என்று வகுப்பே கத்தியது. நாமும் வெட்கமில்லாமல் சேர்ந்து கத்தினோம். அதிகாரி எழுந்து கைதட்டினார். கூட்டங்கள் தொடர்ந்தன.

டீச்சர் இல்லாத முதல் கூட்டத்தைப் போன வாரம் நடத்தியவர் அதே நாகராணி. புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் பாடம் எடுக்கும்போது பின்னங்களில் மாட்டிக்கொண்டார். பழைய வியாதி, நான் எழுந்துவிட்டேன். பின்னாலிருந்து என் புடவைத் தலைப்பு இழுபட்டது.

"யோசிக்கிறாங்கக்கா, இருங்க" என்றார் நாகராணி.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சர், உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இழுப்பைத்தான். அந்தப் புது ஆசிரியை கணக்கைத் தானே போட்டு முடித்துவிட்டார்.