சின்னதா பெரிசா என்று ஒரு வாரம்

என் வீட்டுக்காரர் நாகூர் மீரான் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதானாலும் அதை இரண்டு தடவை படிப்பார். இது எங்கள் நிக்காஹ் அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. 1971ஆம் வருஷம், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் என் மாமா வீட்டு மாடியில், காஜியார் பதிவுப் புத்தகத்தை நீட்டி, "இங்க போடுங்க தம்பி" என்றார். தம்பி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். முடித்ததும் மறுபடி முதல் வரிக்குப் போனார். உள்ளறையில் பெண்களுக்கு நடுவில் நான் வேர்த்து வடிய உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை பின்வாங்குகிறார் என்று என் சாச்சி அழவே ஆரம்பித்துவிட்டாள். கல்யாணச் சோறு ஆறிப்போயிற்று. அதற்கு நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை.

கேட்டால் தொழிலைக் காரணம் காட்டுவார். அவர் சரக்கு சர்வேயர். கப்பலில் வந்த மூட்டை நனைந்திருக்கிறதா, கிழிந்திருக்கிறதா, எத்தனை குறைகிறது என்று நேரில் பார்த்து எழுதித் தருகிற வேலை. இருபது வயதில் பினாங்கு துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி வந்தவர். வெல்ட் கீ ஜெட்டியிலிருந்து லாஞ்ச் படகில் போய், நடுக்கடலில் நிற்கும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் ஏறுவார். அவர் கையெழுத்தை நம்பித்தான் சரக்குக்காரனும் கப்பல்காரனும் சண்டையை நிறுத்துவார்கள். பார்க்காத மூட்டைக்கு அவர் கையெழுத்துப் போட்டதாகத் துறைமுகத்தில் ஒருத்தரும் சொல்ல முடியாது. எனக்கும் அதில் பெருமைதான், வெளியில் காட்டிக்கொண்டதில்லை.

1995 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை அவர் ஆபீஸிலிருந்து, பூர்த்தி செய்து தர வேண்டிய ஒரு பாரம் கொண்டுவந்தார். இனிமேல் ரிப்போர்ட்டை எல்லாரும் லேப்டாப்பில்தான் அடிக்க வேண்டுமாம். கம்பெனியே வாங்கித் தருகிறதாம். இரண்டு வகை. சின்னது, கப்பலுக்குப் போகிறவர்களுக்கு. பெரியது, ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து மற்றவர்களின் ரிப்போர்ட்டைச் சரிபார்க்கிறவர்களுக்கு. இரண்டு கட்டம் இருக்கும், ஒன்றில் டிக் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பெரியதைக் கேட்டால் கப்பல் கிடையாது என்று மேனேஜர் வாயாலேயே சொல்லிவிட்டாராம்.

"இதுல என்ன யோசனை? நீங்க கப்பலுக்குப் போற ஆளு. சின்னதுக்குப் போடுங்க, முடிஞ்சுச்சு" என்றேன்.

"அவசரப்படாத ஹபீபா. பாத்துட்டுப் போடுவோம்."

பார்த்தார். அன்று சாயங்காலமே கொம்தார் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய் இரண்டையும் பார்த்தார். வந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் சின்னது, ஒரு பக்கம் பெரியது என்று எழுதினார். எழுத்து ஒவ்வொன்றும் கட்டை விரல் பருமன். தாளை இப்படி வீணாக்குகிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்ததே தவிர, வேறெதுவும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் வேலை விட்டு வந்தபோது வீட்டு மாடிப்படியில் தடதடவென்று சத்தம். எங்கள் படி ஏணி போலச் செங்குத்தான பலகைப்படி. மனுஷன் தோள்பையில் என் அரிசியைக் கட்டிப் போட்டுக்கொண்டு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். முதலில் இரண்டு கிலோ, அது சின்ன லேப்டாப். பிறகு மூன்றரை கிலோ, அது பெரியது. ஒரு கையால்தான் பிடித்து ஏறுகிறார்.

"பைத்தியமா உங்களுக்கு? பெரிசு வாங்கினா கப்பலே கிடையாதுங்கிறாங்க. அப்புறம் எதுக்கு அதைத் தூக்கிட்டு ஏறிப் பாக்குறீங்க?"

"சும்மா பாக்குறேன்லா."

"கீழ கடைக்காரர் சிரிக்கிறாரு. என் அரிசியைக் கொடுங்க."

அரிசியைப் பிடுங்கிக்கொண்டேன். மூன்றரை கிலோவைச் சுமந்தபோதுதான் அவர் முகம் தெளிவாக இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எடை அதிகமானாலும் பெரியதோடு ஏணி ஏற முடியும் என்று காட்டிவிட்டால் மேனேஜர் மனசு மாறுவாரோ என்று கணக்குப் போட்டிருக்கிறார். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்ததெல்லாம் இவர் என் உயிரை வாங்குகிறார் என்பது மட்டும்தான்.

புதன்கிழமை மறுபடியும் கடை. வந்து சாப்பிட உட்கார்ந்து, "சின்னதுல பட்டன் ரொம்ப நெருக்கம்" என்றார். மீன் குழம்பு ஊற்றினேன். "ஆனா பெரிசு பேக்ல முட்டும்" என்றார். அப்பளம் வைத்தேன். "ஆனா சின்னது..." என்று ஆரம்பித்தபோது கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். நிக்காஹ் புத்தகத்தையாவது இரண்டு தடவையில் முடித்தார். இதை எத்தனை தடவை படிப்பாரோ தெரியவில்லை.

வியாழக்கிழமை நானே இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று தீர்மானித்தேன். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிராணி, குமாஸ்தா வேலை. மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் நேராகக் கொம்தாருக்குப் போனேன். அவர் இன்னும் வந்திருக்கவில்லை. கடையில் ரோஹானா என்று ஒரு பெண், தலையில் துடோங் முக்காடு போட்டு, தமிழ் நன்றாகப் பேசினாள். நான் யார் என்று சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"ஆன்ட்டி, அங்கிள் மூணு நாளா வர்றாரு. திங்கக்கிழமை ஒரு ரிப்போர்ட் சொல்லி ரெண்டு மெஷின்லயும் என்னை டைப் பண்ண வெச்சாரு. டெய்லி வந்து அதைத்தான் சின்னதுல ஒரு தடவை, பெரிசுல ஒரு தடவை படிப்பாரு."

"இன்னிக்கு முடிச்சுருவோம்மா. நீ கவலைப்படாத."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு விஷயம் ஆன்ட்டி. காலையில வேற கஸ்டமர் வந்து அதை அழிச்சுட்டாங்க. நானே ஞாபகத்துல அதே மாதிரி ஒண்ணு அடிச்சு வெச்சேன். சரக்கு பேரு, நம்பர் எல்லாம் என் இஷ்டத்துக்குப் போட்டுட்டேன். சொல்லிராதீங்க, ஏசுவாரு."

எட்டிப் பார்த்தேன். இரண்டு திரையிலும் ஆங்கிலத்தில் ஒரே ரிப்போர்ட். வெங்காயம், நாற்பது மூட்டை நனைந்தது, ஒன்பது கிழிந்தது.

அவர் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. "நீ எங்க இங்க?" என்று கேட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் சின்ன லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணீரென்று, ஒரு இடத்தில்கூடத் திக்காமல், தமிழிலேயே படித்துச் சொன்னார்.

"பூண்டு. பதினாலு மூட்டை ஈரம். ரெண்டு கிழிசல்."

ரோஹானா என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். வெங்காயம், நாற்பது, ஒன்பது. என் கண்ணில்தான் கோளாறோ என்று இன்னொரு முறை பார்த்தேன்.

"தெளிவா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் பெரிய லேப்டாப்புக்கு நகர்ந்தார். மூக்கு திரையில் படுகிற மாதிரி குனிந்தார். ஒரு எழுத்து, இன்னொரு எழுத்து. "வெங்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். மெதுவாக எண் வரைக்கும் கண்ணைக் கொண்டுபோனார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. சின்னதில் அவர் படித்தது ஒன்றுமில்லை. திங்கட்கிழமை தான் சொன்னதைத் தானே ஒப்பித்திருக்கிறார்.

மூடியைச் சாத்தினார். "நாளைக்கு வர்றேம்மா" என்று ரோஹானாவிடம் சொல்லிவிட்டு எழுந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைகளுக்கு முன்னால் போகும் அஞ்சடி நடைபாதையில் இரண்டு பேரும் நடந்தோம். அவர் ஒவ்வொரு தூணையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். எத்தனை மாதமாக இப்படித் தொட்டு நடக்கிறார்? பேப்பரில் எல்லாம் அரசியல்தான் என்று சொல்லி எப்போது அதைப் படிப்பதை நிறுத்தினார்? பக்கத்தில் படுத்து எழுகிற எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் கோபம் இரண்டு மடங்காயிற்று.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். "எத்தனை மாசமா?"

அவர் அலமாரியைத் திறந்து ஒரு பைல் எடுத்துத் தந்தார். வீட்டு வரிக்கு ஒரு பைல், கரண்டு பில்லுக்கு ஒரு பைல் வைக்கிற மனுஷன், இதற்கும் ஒன்று வைத்திருக்கிறார். மேலே கொட்டை எழுத்தில் 'கண்' என்று எழுதியிருந்தது. உள்ளே போன அக்டோபரில் டாக்டர் எழுதிய சீட்டு. இரண்டு கண்ணிலும் புரை. முதலில் ஒன்று, ஆறு மாதம் விட்டு இன்னொன்று ஆபரேஷன். ஒரு வருஷத்துக்கு ஏணி, படகு எதுவும் கூடாது.

"கோப்பு போட்டு ஒளிச்சு வைக்கத் தெரியுது. பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியல."

"ஒரு வருஷம் மேசையில உக்காந்தா அப்புறம் மேசைதான், ஹபீபா. ரிட்டையராக எனக்கு இன்னும் மூணு வருஷம்தான் இருக்கு. திருப்பி யாரு லாஞ்சுல ஏத்துவாங்க?"

"இப்ப எப்படி அந்தக் கயித்துல ஏறுறீங்க?"

"எண்ணிக்குவேன். மேல எத்தனை படின்னு லாஞ்சுக்காரன்கிட்ட கேட்டுக்குவேன்."

"இறங்கும்போது?"

அவர் ஒரு காலைத் தூக்கி, கீழே படி இருக்கிற மாதிரி நீட்டிக் காட்டினார். நான் காலையில் மீன் வாங்கிக்கொண்டிருந்த நேரத்திலும், ஸ்கூலில் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்த நேரத்திலும், இந்த மனுஷன் தண்ணீருக்கு மேலே கால் வைக்கப் படியைத் தேடித் துழாவியிருக்கிறார். சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அதையேதான் செய்தேன். மேல் பட்டன் ஒன்று பிய்ந்து விழுந்தது.

"செத்துப் போயிருந்தா என்ன பண்றது? நான் யாருகிட்ட போய்க் கேக்குறது?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "ஏணி பரவாயில்ல" என்றார். "மூட்டையும் பரவாயில்ல. கை வெச்சு எண்ணிருவேன். ஈரமும் கையில தெரியும். ஆபீஸ்ல டைப் அடிச்சு நீட்டுறாங்களே, அதான் முடியல. ஆறு மாசமா நான் எதையும் படிக்காமத்தான் கையெழுத்துப் போடுறேன்."

சின்னதா பெரிசா என்று நான்கு நாளாக அவரைத் தின்றது இதுதான். சின்னதை வாங்கினால் கப்பல் இருக்கும், தான் அடித்தது என்னவென்று தெரியாது. பெரியதை வாங்கினால் எழுத்து தெரியும், கடல் போய்விடும். நான் என்னவோ அரிசியையும் அப்பளத்தையும் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பட்டனைத் தேடி எடுத்துத் தைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு முன்னால் பாரத்தைக் கொடுத்தாக வேண்டும். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேசைக்கு வந்தார். தேத்தண்ணி வைத்தேன். பாரத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். பிறகு மேசையில் வைத்து என் பக்கமாகத் தள்ளினார்.

"ஹபீபா, நீ படி."

இருபத்துநாலு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்காத ஒன்று அது. அவர் பெயர், வேலை, சேர்ந்த வருஷம், கீழே இருக்கிற பொடி எழுத்து எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு கட்டங்கள் வந்த இடத்தில் நிறுத்தினேன்.

"எதுல போட?"

ஜெட்டிப் பக்கம் ஒரு ஃபெரிக் கப்பல் சங்கு ஊதியது. அது முடிகிற வரைக்கும் காத்திருந்தார்.

"பெரிசு" என்றார்.

டிக் போட்டேன்.

"கீழ குறிப்புன்னு இருக்குமே, அங்க எழுது. கண் ஆபரேஷனுக்கு லீவு வேணும். அக்டோபர்லருந்து நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் எல்லாத்தையும் வேற ஆளை வெச்சு ஒரு தடவை பாக்கணும்."

"அதையுமா எழுதணும்? வேலைக்கே உலை வெச்சுருவாங்க."

"எழுதுலா."

எழுதினேன். பேனாவை அவர் கையில் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின்மேல் அவர் விரலை வைத்தேன். அவர் போடவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன?" என்றேன்.

"இன்னொரு தடவை படி."

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. பாரத்தை என் பக்கம் திருப்பி, முதல் வரியிலிருந்து படித்தேன்.