ஏசிக்குள் வேலை பார்த்த மாப்பிள்ளை

மீராசாஹிப் ஹாஜியாரின் மருமகனுக்கு ‘ஏசிக்குள்ள வேல’ என்பது காத்தான்குடிக் கடற்கரை வீதி முழுக்கத் தெரிந்த விஷயம். தெரியாதவர்களையும் மறித்து வைத்துச் சொல்லிவிடுவார் ஹாஜியார். புடவைக் கடையில் துணி அளந்து கிழிக்கிற இடைவெளியில்கூட அந்தப் பேச்சு நுழைந்துவிடும். ஊரில் ஒருவனுக்கு ஏசிக்குள் வேலை என்றால், அவன் சட்டை கசங்காமல் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் எடுக்கிறான் என்று அர்த்தம். மருமகன் அப்ஹாமோ உல்லாசக் கப்பலில் ஏசி திருத்துகிறவன். கூரைப் பலகையைக் கழற்றித் தலையை உள்ளே நுழைத்து, ஈரமும் தூசும் அப்பிய குழாய்களுக்கு நடுவே மல்லாந்து கிடக்கிறவன். இந்தச் சின்ன வித்தியாசத்தை ஹாஜியாருக்கு எடுத்துச் சொல்ல வீட்டில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அந்த ஊர் வழக்கப்படி கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். குளிரில் வாழ்ந்து பழகிய பிள்ளை இந்தக் கச்சான் அனல்காற்றில் காய்ந்து போகக் கூடாது என்று ஹாஜியார் மணமக்கள் படுக்கிற அறையில் புத்தம் புது ஏசி ஒன்றைப் பூட்டி வைத்திருந்தார். மாமனார் ஆசையாகப் பூட்டியதை மருமகன் வேண்டாம் என்று சொல்வானா? சொல்லவில்லை. முதல் நாளே ரிமோட்டை எடுத்துப் பதினாறில் வைத்தான். ஹாஜியாரின் மகள் சஹ்லாவுக்குப் பல் கிட்டியது. புருஷனுக்குப் பிடித்தது என்று போர்வைக்கு மேல் போர்வை போட்டுக்கொண்டு பொறுத்தாள்.

அவளுக்குப் பொறுக்க முடியாத ஒன்று உண்டென்றால் அது விளங்காத விஷயம். சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு வீட்டு ஹோலில் விஞ்ஞானம் படித்துக் கொடுப்பவள். சின்ன வயதில் வாப்பாவின் ரேடியோவைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் அடி வாங்கியவள். அப்ஹாம் அதிகம் பேசாதவன் என்றாலும் ஏசியைப் பற்றிக் கேட்டால் வாய் திறப்பான் என்பதைக் கல்யாணமான வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். அதன் பிறகு அவனுக்கு ஓய்வில்லை. இத்தனை ஆயிரம் பேர் படுக்கிற கப்பலில் அறைக்கொரு மெஷினா? இல்லை, அடித்தட்டில் பெரிய மெஷின்கள் தண்ணீரைக் குளிராக்கும், அந்தத் தண்ணீர் குழாய் வழியே மேலேறி ஒவ்வொரு அறைக்கும் போகும் என்றான் அவன். அறைச் சுவரில் இருக்கிற திருகு? அதை எவ்வளவு திருகினாலும் கொஞ்சம்தான் மாறும், மிச்சம் மனத் திருப்திக்கு என்று சிரித்தான்.

கடல் பார்க்கவென்று சிலர் பால்கனிக் கதவைத் திறந்து போட்டுவிடுவார்களாம். வெளியே இருக்கிற புழுக்கம் உள்ளே புகுந்ததும் கூரை வியர்த்துச் சொட்டத் தொடங்குமாம். உடனே கப்பல் ஒழுகுகிறது என்று போன் எடுப்பார்களாம். இவன் ஏணியோடு போய், ஒழுகுவது கடலல்ல, உங்கள் கதவுதான் என்று பணிவாகச் சொல்ல வேண்டுமாம். வேலைக்காரர்களின் அறைகளிலோ குளிரைக் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. காற்று வருகிற துவாரத்தில் காகித மட்டையை வைத்து ஒட்டிவிட்டுத்தான் படுப்பார்கள். வெயில் தேடிக் கப்பலேறி வந்த வெள்ளைக்காரர்கள் எதற்காக அறையைக் குளிராக்கிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள் என்று சஹ்லா கேட்டாள். அதுதான் தனக்கும் விளங்கவில்லை என்றான் அப்ஹாம்.

பகலில் இப்படிக் கதையும் சிரிப்புமாகப் போனது. விடியற்காலையில்தான் வில்லங்கம். சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிற சஹ்லாவின் உம்மா கைறுன்னிஸா, மருமகன் விறாந்தையில் வெறும் சீமெந்துத் தரையில் உறங்குவதை ஒரு நாள் கண்டார். அடுத்த நாளும் கண்டார். புது மாப்பிள்ளை அறையை விட்டு வெளியே வந்து படுக்கிறான் என்றால் ஊர் என்ன நினைக்கும்? உம்மா மகளைச் சமையலறைக்கு அழைத்து, வெங்காயம் உரித்தபடியே சுற்றி வளைத்து ஏதேதோ கேட்டார். சஹ்லாவுக்கு முகம் எரிந்தது.

ஹாஜியாருக்கு மட்டும் காரணம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. ஏசி பத்தாது! மருமகன் ஏசிக்காரனாயிற்றே, அவனிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்டால் மாப்பிள்ளைக்கு மரியாதையில்லை என்று இவர் நினைத்தார். வாய் திறந்தால் மாமனாருக்கு மரியாதையில்லை என்று அவன் நினைத்தான். இரண்டு மரியாதைகளுக்கும் நடுவில் பெரிய ஏசியொன்று வந்து சுவரில் ஏறியது. அப்ஹாமுக்கு அதற்குப் பிறகும் விறாந்தையில்தான் விடிந்தது.

சஹ்லா யாரிடமும் சொல்லாமல் வெந்துகொண்டிருந்தாள். கேட்டுப் பார்த்ததற்கு, உள்ளே நித்திரை வரவில்லை, வெளியே போனால் வருகிறது என்று மட்டும் சொன்னான். உள்ளே இருப்பது ஏசியும் அவளும்தான். ஏசிக்குள்ளேயே வாழ்கிறவனுக்கு ஏசி பிடிக்காமலா போகும்? அப்படியென்றால் பிடிக்காதது யாரை? விடுமுறை முடிந்து அவன் கப்பலுக்குத் திரும்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கேள்வியோடு அவனை அனுப்பிவிட்டு மாதக் கணக்கில் தனியே எப்படி இருப்பாள்?

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து வயிறு முட்டத் தின்றுவிட்டு அப்ஹாம் பதினாறில் நன்றாக உறங்கினான். பக்கத்தில் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த சஹ்லாவுக்குக் கூதலில் விரல் விறைத்தது. போர்வை போதாமல் வழக்கமாக இரவில் களவாகச் செய்வது போலவே ரிமோட்டை எடுத்து இருபத்தாறுக்கு ஏற்றினாள். சற்று நேரத்தில் சுவருக்கு வெளியே இருந்த பெட்டியின் இரைச்சல் ஓய்ந்தது. அப்ஹாம் கண்ணைத் திறந்தான். எழுந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்தான். பிறகு தலையணையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனான்.

அவள் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தாள். கச்சான் அனல் அள்ளி வீசிக்கொண்டிருந்தது. தென்னோலைகள் ஓயாமல் இரைந்தன, அவற்றுக்கு அப்பால் கடலும். அந்த வெக்கையில், கழுத்தெல்லாம் வியர்த்து வழிய, மனிதன் குறட்டை விட்டான். அழத் தயாராக இருந்த சஹ்லா அழ மறந்து போனாள். இவருக்குக் குளிர் தேவையில்லை. அப்போ வேறென்ன?

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பரிசோதனை படிப்பிக்கிறபோது சொல்லிச் சொல்லிக் களைத்தவள் அவள். அடுத்த நாள் பகல் ஏசி பழுது, கடையிலிருந்து ஆள் வருவதாக வாப்பா சொன்னார் என்று பொய் சொன்னாள்; மாமனார் சொல் என்றதும் அவனும் அதில் கை வைக்கவில்லை. யன்னல்களை இறுக்கிச் சாத்தினாள். களஞ்சிய அறையில் கிடந்த பழைய ஸ்டாண்ட் பேனைக் கொண்டு வந்து ஓடவிட்டாள். அது காற்றைவிடக் கடகட சத்தத்தைத்தான் கூடுதலாகத் தரும். அறை அடுப்படி மாதிரிப் புழுங்கியது. அப்ஹாம் உறங்கினான். அவள் மெல்லப் பேனை நிறுத்தினாள். விழித்தான். திரும்பப் போட்டாள். ஏதோ முணுமுணுத்துவிட்டு மறுபக்கம் புரண்டு உறங்கினான். நம்ப முடியாமல் இன்னொரு தடவையும் நிறுத்திப் பார்த்தாள், பாவம் மனிதன்.

சஹ்லா கட்டிலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காரணம் அவள் இல்லை. அவ்வளவு நாளும் மனதில் இருந்த பாரம் இறங்கியதில் வந்த அழுகை அது. அழுகைச் சத்தம் கேட்டு அவன் எழும்பி உட்கார்ந்தான்.

“மச்சான், நீங்க என்னய உட்டுட்டு வெளியால போறீங்களா, இல்லாட்டி சத்தத்தத் தேடிப் போறீங்களா?”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் தன் பரிசோதனையைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். பதினாறில் வைத்தால் ஏன் உறங்குகிறான் என்பதைச் சொல்ல அவனாலேயே முடிந்தது. அறை அந்த அளவுக்குக் குளிரவே குளிராது, ஆகவே மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். இருபத்தாறென்றால் சீக்கிரம் குளிர்ந்துவிடும், மெஷின் ஓய்வெடுக்கும். இதைச் சொல்லிக்கொண்டு வரும்போதே கப்பலில் நடந்த ஒன்று அவனுக்கு ஞாபகத்தில் தட்டியது.

பிறகுதான் அந்தக் கதை வந்தது. ஒரு தடவை நடுக்கடலில் கப்பலின் கரண்ட் முழுதாக நின்றுவிட்டது. உறங்கிக் கிடந்த அவனை எழுப்பியது அந்த அமைதிதான். இரவும் பகலும் இரைகிற கப்பல் ஒரு மூச்சும் இல்லாமல் மிதந்தது. யன்னலில்லாத உள் அறைகளில் புழுக்கம் ஏற ஏறச் சனம் தலையணைகளோடு மேல்தட்டுக்கு ஓடியது. அப்ஹாமும் கூட வேலை செய்கிறவர்களும் டோர்ச் லைட்டோடு அடித்தட்டுக்கு இறங்கினார்கள்.

“கப்பல்ல சத்தம் நிண்டா எல்லாம் நிண்டுட்டு எண்டுதான் அர்த்தம், புள்ள. நான் செத்துப் பொழச்ச மாதிரிப் பயந்துட்டன். ஊட்ட ஒருத்தருக்கும் செல்லல்ல. ஏசிக்குள்ள வேல எண்டு எல்லாரும் சந்தோசப்படுறாங்க, அவங்களுக்கு என்னத்தச் செல்ற?”

சஹ்லா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கேட்பதற்கு நூறு கேள்வி இருந்தும் அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஏசி இருபத்தாறில் இருந்தது, கூடவே பழைய பேனும் கடகடத்தது. மருமகன் அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று கண்ட ஹாஜியார், பெரிய ஏசியின் மகிமையைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அளக்கத் தொடங்கினார். அளக்கட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

அவன் கப்பலுக்குப் போக இருந்த வாரத்தில் ஒரு மத்தியானம் ஊருக்கே கரண்ட் போனது. ஏசி ஓய்ந்தது. பேன் சுற்றிச் சுற்றி நின்றது. கச்சானும் அன்று பார்த்து அடங்கிக் கிடந்தது. அப்ஹாம் துள்ளி எழும்பினான். கால்கள் தரையில் கப்பலில் போடுகிற சப்பாத்தைத் தேடின, கை தலைமாட்டில் டோர்ச்சைத் துழாவியது. சஹ்லா அரைத் தூக்கத்தில் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கரண்ட் போயிட்டு மச்சான், அவ்வளவுதான். இது ஊடு. படுங்க.”

அவன் படுத்தான். நெஞ்சு அடித்துக்கொண்டிருப்பது அவளுக்குக் கேட்டது. அவள் மெல்லிய குரலில் கேட்கத் தொடங்கினாள். கப்பல் சமையலறையிலும் ஏசியா? குளிர் நாட்டுக்குப் போகும்போது அதே குழாயில் சுடுதண்ணீர் விடுவீர்களா? துவாரத்தில் ஒட்டிய மட்டையைக் கண்டால் பெரியவர்கள் ஏசமாட்டார்களா? அவன் ஒன்றிரண்டுக்கு ஓம் என்றான், அப்புறம் ம் என்றான். அறை புழுங்கியது, இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது. பதில் வராமல் போனபோது அவன் உறங்கிவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. கரண்ட் வரும்வரை அவள் கேட்பதை நிறுத்தவில்லை.