மருத்துவிச்சி ஓட்டிய வண்டி

அயர்லாந்தில், வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பார்ட்மெண்டுக்கு எதிர்க்கதவில் ஒரு பிரெஞ்சுக்காரி இருக்கிறா. எழுபது வயது தாண்டிய என் சிநேகிதி. அவவின் தாய் நோர்மண்டியில் ஒரு சின்னக் கிராமத்து மருத்துவிச்சி. அந்தத் தாயின் கதையைத் தேத்தண்ணி குடித்தபடி எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தக் காலம். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்திலிருந்து தப்பிய ஒரு கனடாப் பொடியன் காயத்தோடு அந்த ஊரில் ஒளிந்திருந்தான். அவனை ஊருக்கு வெளியே கடத்தவேண்டும். வழியில் ஜெர்மன்காரரின் சென்றி, வண்டிகளை மறித்துச் சோதிக்கும் காவலரண். மருத்துவிச்சி அவனுக்குப் பாவாடை உடுத்தி, முகத்தைத் துணியால் மூடி, வயிற்றில் தலையணை கட்டி, குதிரை வண்டியில் கிடத்தினா. "வாய்விட்டு முனகு" என்றாவாம். சென்றியில் சிப்பாய் போர்வையில் கைவைத்ததும், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "வா, நீயே வந்து பிள்ளையைப் பிடி" என்றா. சிப்பாய் பின்னால் பாய்ந்து பாதையைத் திறந்துவிட்டான்.

யாழ்ப்பாணத்துச் சென்றிகளில் அடையாள அட்டையை நீட்டியபடி நின்ற எனக்கு அந்தக் கதை அலுத்ததே இல்லை.

போன வருஷம் அந்தக் கிராமம் யுத்த நினைவுக் கூட்டம் வைத்தது. தூரத்தில் இருப்பவர்களும் வீடியோவில் பேசலாம் என்றார்கள். சிநேகிதி தயங்கினா.

"அங்க துவக்குத் தூக்கிச் சண்டைபிடிச்ச ஆம்பிளையளின்ர பேர்தான் நினைவுக்கல்லில இருக்கு. அம்மான்ர கதையை ஆர் நம்புவினம்?"

"நீங்கள் சொல்லாட்டி வேற ஆர் சொல்லுறது? நான் பக்கத்தில இருக்கிறன்."

பேசினா. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் அவவின் கைகளைப் பார்த்தே கதை எந்த இடத்தில் நிற்கிறதென்று தெரிந்தது. சிப்பாய் பாய்ந்த இடத்தில், திரையில் தெரிந்த மண்டபம் சிரித்தது. அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு கிழவி எழுந்து ஏதோ சொன்னா. சிநேகிதி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டா. பிறகு மொழிபெயர்த்தா:

"அந்த வண்டியில நானும் இருந்தனான். சின்னப்பிள்ளை. 'அம்மாவுக்கு நோகுது எண்டு அழு' எண்டு சொல்லி எங்கட வீட்டில ஏத்திவிட்டவை. நான் நடிக்கேல்லை, பயத்தில உண்மையாவே அழுதனான்."

வண்டியில் ஒரு பிள்ளை இருந்ததைத் தாய் மகளிடம்கூடச் சொன்னதில்லை. உதவிய வீடுகளைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பழக்கம் யுத்தம் முடிந்தும் போகவில்லை. திரையில் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. சிநேகிதி அழுதா, நானும்தான்.

இந்தக் கோடையில் இருவரும் அங்கே போனோம். கிராமம் புதிதாக வைத்த நினைவுக்கல்லின் மேலிருந்த துணியை விலக்கியபோது தாயின் பெயரும், கீழே 'மருத்துவிச்சி' என்ற சொல்லும் இருந்தன. ஊர்த்தலைவர் கூட்டத்தைப் பார்த்து, "இவவின்ர கையில பிறந்தவை ஆர் ஆர்?" என்று கேட்டார்.

முதலில் ஒரு கை உயர்ந்தது. பிறகு சதுக்கமெங்கும் நரைத்த தலைகளுக்கு மேலே கைகள் எழும்பிக்கொண்டே இருந்தன.