மஸ்கட் போய் வந்த கேசட்

அன்று என் கடையில் இருந்தவர்கள்: லாரி ஓட்டும் ஒருவர். அவர் மனைவி. பக்கத்து டீக்கடைக்காரர். அப்புறம் நான். 1997, ஆடி மாதம், மதியம் மூன்று மணி இருக்கும். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் எட்டுக்குப் பத்து அடியில் கடை. ரேடியோ, டேப், த்ரீ இன் ஒன் செட் ரிப்பேர் செய்வேன்.

த்ரீ இன் ஒன் என்றால் இசைத்தட்டு, ரேடியோ, கேசட் மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கும். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். அப்போதே அது பழைய சாமான்தான். பலர் எடைக்குப் போட்டுவிட்டார்கள். விட மனசு வராதவர்கள் என்னிடம் கொண்டு வருவார்கள்.

நான் ஏழாவது வரை படித்தவன். அதிகம் பேச மாட்டேன். டீக்கடைக்காரர் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். "ஊமையா கீற செட்டெல்லாம் பேச வெக்கிற அண்ணாத்த. உன்ன பேச வெக்க எந்த மெக்கானிக்க கூப்புடறது?" என்பார்.

பத்து நாள் முன்பு அந்த லாரிக்காரர் செட்டைப் பழைய புடவையில் சுற்றித் தூக்கி வந்தார். திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு கிராமம். மனைவியும் கூட வந்தார். கேசட் ஓடவில்லை என்றார்கள். திறந்தேன். மோட்டார் எரிந்துபோயிருந்தது. உள்ளே ஒரு கேசட் இருந்தது. எடுத்து நீட்டினேன். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கினார்.

"எம்பொண்ணு பேசனது. போட்டோ நாலு கீது. பேச்சு இது ஒண்ணுதான்" என்றார் லாரிக்காரர்.

இருபது வயதுப் பெண். மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. மஸ்கட்டில் வேலை பார்த்த அண்ணனுக்குக் கடிதத்துக்குப் பதிலாக இந்த செட்டில் பேசி அனுப்பியிருக்கிறாள். அவள் சாவுக்கு வந்த அண்ணன் கேசட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். தினமும் சமையல் முடிந்ததும் அந்த அம்மா ஒரு தடவை போட்டுக் கேட்பாராம். செட் நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது.

"வேற டேப்புல போட்டுப் பாக்கலியா?" என்று கேட்டேன்.

"பக்கத்து வூட்டுதுல போட்டோம். அதுல அவ இல்லீங்க. திரும்ப இதுலயே வெச்சிட்டோம்" என்றார் அந்த அம்மா.

பக்கத்து வீட்டு டேப்பில் அழுக்கு ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மேலே எதுவும் கேட்கவில்லை. அங்கேதான் தப்பு செய்தேன்.

வேலையை நன்றாகவே செய்தேன். ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தேன். சென்னைக்குப் போய் அளவுக்கு ஏற்ற புது மோட்டார் வாங்கி வந்தேன். ரேடியோ முள்ளுக்குக் கயிறு மாற்றினேன். கடைசியாக வேகம். கேசட் ஓடும் வேகம் சரியாக இருந்தால்தான் குரல் குரலாக இருக்கும். வேகம் கூடினால் கீச்சென்று ஆகும், குறைந்தால் கனத்துப் போகும். வேகம் பார்ப்பதற்கென்றே ஒரு நாகஸ்வரக் கேசட் வைத்திருந்தேன். வேகம் பிடிப்பதில் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற நினைப்பு எனக்கு.

அன்று இருவரும் வந்தார்கள். அந்த அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்தேன். கேசட்டைப் போட்டு அழுத்தினேன்.

"அண்ணா, நல்லா கீறியா? இங்க எல்லாரும் நல்லா கீறோம்..."

அந்த அம்மா எழுந்துவிட்டார். "நிறுத்துங்க."

நிறுத்தினேன்.

"இது எம்பொண்ணு இல்ல."

"இன்னாடி சொல்ற? அவதான பேசறா?" என்றார் லாரிக்காரர்.

"பேச்சு அவ பேச்சு. கொரலு அவ கொரலு இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. "செட்டு கரெக்டாதான் ஓடுதும்மா. கேட்டு ரொம்ப நாளாச்சு. உங்களுக்குத்தான் கொரலு மறந்துபோச்சு" என்றேன்.

பெற்றவளிடம் அப்படிச் சொன்னேன். அதிகம் பேசாதவன் அன்று பேசினேன்.

அவர் கோபப்படவில்லை. "அப்பிடியும் இருக்குமா?" என்று புருஷனைக் கேட்டார். திரும்ப ஸ்டூலில் உட்கார்ந்தார்.

டீ கொண்டுவந்த டீக்கடைக்காரர் கிளாஸ்களோடு அப்படியே நின்றார். லாரிக்காரர்தான் மனைவியைத் தேற்றுவதற்காக எதையோ சொல்ல ஆரம்பித்தார்.

"பெரியவன் அப்பவே லெட்டர்ல எழுதனான் பாரு. இன்னாப்பா, தங்கச்சி எலிக்குஞ்சாட்டம் கீச்சு கீச்சுன்னு பேசுதுன்னு. அத்த படிச்சிட்டு நம்ம பொண்ணு ஒரு வாரம் மூஞ்சிய தூக்கி வெச்சுகினு..." சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

செட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

மஸ்கட்டில் கீச்சுக் குரல். பக்கத்து வீட்டிலும் அவள் இல்லை. என் கடையிலும் இல்லை. மூன்று இடத்திலும் வேகம் சரியாக இருந்திருக்கிறது. இவர்கள் வீட்டு செட்தான் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய டேப்பில் அந்தப் பெண் பேசியிருக்கிறாள். அதே மெதுவில் போட்டால்தான் அவள் குரல் வரும். நான் செட்டைச் சரி செய்து அவளை விரட்டிவிட்டேன்.

"எம்மேல தப்புங்க. உங்க காது சரி" என்றேன்.

ஆனால் எவ்வளவு மெது? அதைச் சொல்ல வேண்டிய பழைய மோட்டார் செத்துவிட்டது. புது மோட்டாரின் பின்பக்கம் ஒரு சின்னத் துளை. உள்ளே ஒரு திருகு. அதைத் திருப்பினால் வேகம் குறையும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது அந்த அம்மாவின் காதுக்கு மட்டும்தான் தெரியும்.

அதிலும் ஒரு ஆபத்து இருந்தது. தப்பான குரலைப் பத்து தடவை கேட்டால் காது அதையே சரி என்று எடுத்துக்கொள்ளும். என் தொழிலில் பார்த்திருக்கிறேன். அப்படி ஆகிவிட்டால் அந்தப் பெண்ணின் குரல் அந்த அம்மாவின் மனசிலிருந்தும் போய்விடும். அப்புறம் எங்கேயும் இருக்காது. மறைக்காமல் அதைச் சொன்னேன்.

"பத்து வாட்டி எதுக்கு? எனுக்கு ஒரு வார்த்த போதும்" என்றார்.

எந்த வார்த்தை என்று கேட்டேன். கேசட்டின் நடுவில் அந்தப் பெண் அண்ணனிடம் சொல்கிறாள்: "அம்மா பக்கத்துலதான் கீது. பேசச் சொன்னா வெக்கப்படுது." அந்த 'வெக்கப்படுது' போதும் என்றார்.

சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் திருகைக் கொஞ்சம் திருப்பி அந்த இடத்தைப் போட்டேன். தலையை ஆட்டினார். இல்லை. இன்னும் கொஞ்சம்.

"கிட்ட வரா" என்றார்.

மூன்றாவது தடவை லாரிக்காரர், "இதான், இதான்" என்றார்.

"நீ சும்மா இருய்யா. லாரி ஆரன் கேட்டு கேட்டு செவுடான காது."

நான்காவது தடவை, "தாண்டிப் பூட்டா" என்றார்.

மயிரிழை பின்னால் திருப்பினேன். அழுத்தினேன். "பேசச் சொன்னா வெக்கப்படுது."

இந்தத் தடவை அவர் தலையை ஆட்டவில்லை. நான் நிறுத்தவும் இல்லை. டேப் மேலே ஓடியது. எட்டிப் பார்த்தேன். மகள் பேசப் பேச அவர் உதடு கூடவே அசைந்துகொண்டிருந்தது. லாரிக்காரர் ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். டீ ஆறிப்போனது.

"மூடிடுங்க. இனிமே அத்த தொடாதீங்க" என்றார் அந்த அம்மா.

திருகு அசையாமல் இருக்க அதன் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைப்போம். வைத்தேன்.

லாரிக்காரர் ஆட்டோ பார்க்கப் போனார். அந்த அம்மா வெளியே போய் முகம் கழுவிக்கொண்டார். பெட்டியை மூடும் முன் கேசட்டைக் கடைசி வரை ஓடவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். அந்தப் பெண் பேசி முடித்தாள். முடித்தவள் டேப்பை நிறுத்த மறந்திருக்கிறாள். ஆள் போன பிறகும் அந்த வீடு அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம். அப்புறம் எதுவும் இல்லை. சுவரில் மாட்டிய பேட்டரிக் கடிகாரத்தின் டக், டக் மட்டும்.

அந்தக் கடிகாரம் நொடிக்கு ஒரு தடவை அடிக்கும். நான் முதலில் வைத்த வேகத்தில் விட்டிருந்தால் நிமிடத்துக்கு நாலைந்து கூட வந்திருக்கும்.

அதற்கப்புறம் எத்தனையோ செட் பார்த்துவிட்டேன். கொண்டு வருபவர் சொல்வதை முழுக்கக் கேட்காமல் ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை. எல்லா வேலையிலும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கும். துளியும் சந்தேகம் இல்லாமல் நான் முடித்த வேலை அது ஒன்றுதான். அதைச் சரி செய்தது நான் இல்லை. அன்று பெட்டியை மூடும் முன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் அந்த டக், டக்கை எண்ணினேன்.

அறுபது.