அப்பா தூங்கிப் பார்த்த மூன்று முகாம்கள்

ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாளே, என்னை எங்காவது அனுப்பியே தீருவது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். காரணம் நியாயமானதுதான். அப்பாவுக்கு மைன்ஸில் நைட் ஷிஃப்ட். பகலில்தான் அவர் தூங்க வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரே ஒரு அறையில்தான் மின்விசிறி. நான் கயிறு தாண்டுவதும் அந்த அறையில்தான்.

டவுன்ஷிப்பில் அந்தக் கோடையில் பெண் பிள்ளைகளுக்கு மூன்று முகாம்கள். மாதர் சங்கத்தில் தையலும் ஊறுகாய் போடுவதும். கோயில் மண்டபத்தில் பக்திப் பாட்டு. மூன்றாவது, பள்ளிக்கூடத்துச் சாரணியர் முகாம். முத்தாண்டிக்குப்பம் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்பில் பத்து நாள் கூடாரம் அடித்துத் தங்கவேண்டும். நான் அதற்கு மனசுக்குள் ஏற்கெனவே பெட்டி கட்டியாயிற்று.

"பொட்டப் புள்ள தோப்புல போய் படுக்கறதா?" என்றாள் அம்மா.

"மூணையும் நேர்ல பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார் அப்பா.

கிணற்றுக்குச் சுவர் இருக்கிறதா, எத்தனை டீச்சர், யார் சமைக்கிறார்கள். இந்த மூன்றையும் மறக்காமல் விசாரிக்கச் சொல்லி அம்மா அனுப்பினாள். ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா, இட்லியைச் சாப்பிட்டுவிட்டு என்னை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார்.

மாதர் சங்கத்தில் ஒரு அம்மாள் அவரை மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைத்தார். சங்கிலித் தையல் என்றால் என்ன என்று அந்த அம்மாள் சொல்லி முடிப்பதற்குள் அப்பாவின் தலை மார்பில் சாய்ந்துவிட்டது. வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது, "என்னாம்மா சொன்னாங்க?" என்று என்னிடம் கேட்டார். பார்க்க வந்தவர் எதையும் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வாயில குண்டூசிய வெச்சிகினே பேசறாங்கப்பா. புள்ளைங்களும் அப்டித்தான் வெச்சிக்கணுமாம்."

முதல் வாக்கியம் உண்மை.

மறுநாள் மண்டபம். கல் தரை, நல்ல குளிர்ச்சி, நாற்பது குழந்தைகள் ஒரே இழுவையில் பாடிக்கொண்டிருந்தார்கள். தூணில் சாய்ந்த அப்பா ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பாட்டு வாத்தியார் மெதுவாக என்னிடம் வந்து, "அப்பா அப்படியே லயிச்சுட்டார் போலிருக்கே" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

"நாளு பூரா சம்மணம் போட்டே உக்காரணும்பா. ஒரு பொண்ணத் தூக்கிகினு போனாங்க" என்று அப்பாவிடம் சொன்னேன். அந்தப் பெண் மூன்று வயதுக் குழந்தை என்பதையும், தூக்கிக்கொண்டு போனது அவளுடைய அக்கா என்பதையும் அவர் கேட்கவில்லை.

மூன்றாம் நாள்தான் சோதனை. முந்திரி மரத்திலிருந்து செவ்வெறும்பு விழுந்துகொண்டே இருந்ததால் அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. சுற்றிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கிணற்றுப் பக்கம் நடந்தார். கிணற்றுக்குச் சுவர் இல்லை. முகாமுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த டீச்சரிடம் நான் ஓடிப்போய், "அப்பா ராத்திரி பூரா வேலை பாத்துட்டு வந்திருக்காங்க டீச்சர்" என்றேன். அந்த நல்ல மனுஷி உடனே அவரைக் கூப்பிட்டுக் கூடாரத்துக்குள் கேன்வாஸ் நாற்காலியில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். டம்ளரில் பாதி மோர் இருக்கும்போதே அப்பா தூங்கிப்போனார்.

வீட்டில் விசாரணை நடந்தது.

"கெணத்துக்குச் செவுரு கீதா இல்லியா?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"செவுரு இருக்குதும்மா" என்றேன். காவல்காரர் குடிசைக்கு நாலு பக்கமும் சுவர் இருந்தது.

"எத்தினி டீச்சரு?"

"ஒம்பது." இரண்டு பேர் டீச்சர், மற்ற ஏழு பேர் பத்தாம் வகுப்பு அக்காமார்கள்.

"சமையலு?"

"ஒரு அம்மா இருக்காங்க."

கடைசியில் அப்பா தன் கருத்தைச் சொன்னார்: "அமைதியான எடம். மனசுக்கு அப்டி ஒரு நிம்மதி." அவர் பொய் சொல்லவில்லை. அம்மாவும் சம்மதித்துவிட்டாள்.

முகாமில் மூன்றாம் நாள் சமையல்கார அம்மாள் டீச்சரோடு சண்டை போட்டுக்கொண்டு தன் ஊரான நெல்லிக்குப்பத்துக்கே போய்விட்டார். நாங்கள் வடித்த சோறு மேலே அரிசியாகவும் அடியில் கரியாகவும் இருந்தது. பசிக்கு நான் முந்திரிப் பழமாகத் தின்றேன். தொண்டை கரகரத்து, மறுநாள் காலை குரலே இல்லை.

அன்றைக்குப் பார்த்து முறுக்கு டப்பாவோடு அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினாள். முதலில் அவள் கண்ணில் பட்டது கிணறு. அதன் விளிம்பில் குனிந்து வாளிக்கயிறு இழுத்துக்கொண்டிருந்தது நான்.

"செவுரு எங்கடீ?"

பொய் சொல்லலாம் என்றாலும் குரல் வரவில்லை.

அம்மா என்னை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்தாள். "இது என்னா, சோறா கரியா?"

டீச்சருக்கு அழுகை முட்டியது. "சமையக்காரம்மா போயிட்டாங்கம்மா. நாளைக்கு முகாமக் கலைச்சிரலாம்னு இருக்கேன்."

"இத்தினி புள்ளைங்க ஆசையா வந்திருக்குதுங்க, கலைக்கறதாவது" என்று அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "அரிசி எங்க வெச்சிருக்கீங்க?"

திரும்பிப்போகும் பஸ் கண்டக்டரிடம், வீட்டில் ஊறுகாய் இருக்கிறது, சோறு மட்டும் ஆக்கிக்கொள்ளுங்கள் என்று அப்பாவுக்குச் சொல்லியனுப்பினாள். அடுத்தபடியாகக் கிணற்றைச் சுற்றிக் குச்சி நட்டு முள்வேலி போடவைத்தாள். முள் சுமந்தது பெரும்பாலும் நான்தான்.

மீதி ஆறு நாளும் அம்மா அங்கேயே இருந்தாள். காலை டிரில்லில் கடைசி வரிசையில் நின்று முதல் நாள் சிரித்தாள், இரண்டாம் நாள் சல்யூட் அடித்தாள். முடிச்சுப் போடும் வகுப்பில், கன்றுக்குட்டியைக் கட்டும் முடிச்சு ஒன்றை டீச்சருக்கே சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது எனக்கே அங்கேதான் தெரிந்தது. பிள்ளைகள் எல்லாம் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டே திரிந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. "உன் மூஞ்சியப் பாத்தா கோவம் வருது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அம்மா பக்கத்துக் கூடாரத்தில் படுத்தாள். அங்கிருந்து ஒரே சிரிப்புச் சத்தம்.

அடுத்த வருஷம் பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா தன் பெண்ணை எந்த முகாமில் சேர்க்கலாம் என்று அம்மாவிடம் யோசனை கேட்டார்கள். அம்மா உலையில் அரிசியைப் போட்டபடியே சொன்னாள்: "எதுல வேணா சேரு. ஆனா நீயும் கூடப் போ."