சூடேறாத தொட்டி

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டு வாசல்களில் பன்னிரண்டு பச்சை வாளிகள், ஒவ்வொன்றின் மூடிமேலும் ஒரு கல். கல் குரங்குகளுக்காக. மூடி திறக்கத் தெரிந்த குரங்குக்கும் கல் தூக்குவதில் சோம்பல் உண்டு. என்னுடையது வெள்ளைக் கல். மாம்பழ அளவில், எப்போதும் ஈரமாக இருக்கும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வண்டியின் மணி கேட்கும். மஞ்சக்குட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து, பேட்டரி வண்டியை எடுத்துக்கொண்டு, வீட்டுச் சோற்றுக் கழிவை வாங்கிப் போக வரும் அக்காவின் மணி. வாழைப்பழத் தோல், வடித்த காப்பித்தூள், ஆறிய சாம்பார், யாரோ ஆசையாகச் செய்து யாரும் தின்னாத பாகற்காய். எல்லாம் அவர் கையால் ஒன்றாகிப் பனிக்குள் போய்விடும்.

வீட்டைவிட்டுப் போன பொருள் எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. மார்கழியில் ஒரு காலை, செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியின் பின்னால் நடந்தேன். பனியில் வண்டி மெதுவாகத்தான் போனது, என் நடை அதற்குப் போதும்.

நாகலூர் பாதையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே செங்கல்லில் ஓட்டை விட்டுக் கட்டிய இரண்டு பெரிய உரத் தொட்டிகள். இடது தொட்டியில் மார்க்கெட்டுக் கழிவு, டீக்கடைக் கழிவு. வலது தொட்டி முழுக்க எங்கள் பிளாட்டுகளுடையது. ஒரு வரிசை கழிவு, ஒரு வரிசை சில்வர் ஓக் மரச் சருகு, மேலே சாணிக் கரைசல். இரண்டுக்கும் ஒரே பக்குவம்.

அக்கா ஓர் இரும்புக் கம்பியை இடது தொட்டிக்குள் சொருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவினார்.

"தொட்டுப் பாருங்க சார்."

தொட்டேன். டீ டம்ளர் மாதிரி சுட்டது. குளிரில் விறைத்திருந்த விரல்களுக்குக் கம்பியை விட மனமில்லை. அழுகுவதற்கு இவ்வளவு சூடு உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது.

"இப்ப உங்க தொட்டிய பாருங்க."

வலது தொட்டியிலிருந்து வந்த கம்பி, காலைக் குழாயடித் தண்ணீர் போலிருந்தது.

"பொணமாட்டம் கெடக்குதுங்க. வெந்தாத்தானுங்க ஒரமாகும்? தை பொறக்கறதுக்குள்ள ரெண்டு தொட்டியும் சுடணும்னு சுகாதார ஆபீசர் சொல்லிப்போட்டாரு. இல்லீன்னா உங்க கழிவெல்லாம் லாரியில சேலத்துக்கு எறங்கிரும். ஒரு தொட்டிக்கு மார்க்கெட்டு வண்டி ஆளே போதும், நீ பழையபடி ரோட்டுக்குப் போயிருன்னாரு."

பழையபடி என்றால் துடைப்பம். மலைப்பாதைக் கொண்டைஊசி வளைவுகளில் எட்டு வருடம் கூட்டியவர். முழங்கால் தேய்ந்த பிறகு கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கொட்டகை வேலை இது.

அன்றிலிருந்து எனக்கும் அந்தக் கம்பிதான் நினைப்பு. தண்ணீர் அதிகமோ என்று சருகைக் கூட்டினோம். பனியோ என்று ஓட்டைகளில் சாக்கைத் தொங்கவிட்டோம். ஆரஞ்சுத் தோலோ என்று இரண்டு முறை பொறுக்கி எடுத்தோம். கம்பி குளிர்ந்தே வந்தது. கடைசியில் அக்கா, இடது தொட்டியின் சூடான நடுப்பகுதியிலிருந்து இரண்டு கூடை அள்ளி வலதில் புதைத்தார்.

"ஒற ஊத்தறனுங்க. தயிரு தோயறாப்புல தோயட்டும்."

மறுநாள் போனபோது தொட்டித் திட்டில் உட்கார்ந்திருந்தார்.

"ஊத்துன ஒறயே செத்துப்போச்சுங்க. இப்படி ஒரு கூத்த நான் பாத்ததில்ல."

உறையைக் கொல்வது எது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே கேள்வி. சமையலறையில் பூசணித் தோலை வாளியில் போட்டேன். என்னைக் கேட்காமலே என் கை அலமாரிக்குப் போனது, பாட்டிலை எடுத்தது, ஒரு மூடி அளந்து ஊற்றியது. வெள்ளையாகப் பரவியது பினாயில்.

மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

அதை ஆரம்பித்தவனே நான்தான். மழைக்காலத்தில் சேகரிப்பு தொடங்கிய புதிதில், அக்கா என் வாளியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். குறுகிப்போனேன். அன்றே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: ஆளுக்கு ஒரு மூடி பினாயில் ஊற்றுங்கள், அவருக்கும் மூக்கு இருக்கிறது. மோட்டார் போடும் நேரத்தில்கூட ஒத்துப்போகாத பன்னிரண்டு வீடுகளும் அதில் ஒத்துப்போயின.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னேன். அக்கா என்னையே பார்த்தார்.

"ஏனுங்க, அது நெசமாலுமே பினாயிலுங்களா? நானு, பிளாட்டு ஊட்டுல சோறுகூட இப்படித்தான் மணக்கும்போலன்னு நெனச்சுப்போட்டேன்."

"நீங்க மூஞ்சியத் திருப்பினீங்களேக்கா?"

"பழ ஈ சார்! தொறந்ததும் கண்ணுக்குள்ள பாயுமுங்க. அதுக்குத் திருப்புனேன்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நாத்தமெல்லாம் பழகிப்போச்சுங்க. அந்த ரோடுதான் என்ர காலுக்குப் பழகல. பனியத் திட்டுனேன், சாணியத் திட்டுனேன். உங்களைத்தானுங்க திட்டியிருக்கோணும்."

திட்டச் சொன்னேன். "மொதல்ல பாட்டல மூடச் சொல்லுங்க," என்றார்.

குழுவில் எழுதத் துணிவு வரவில்லை. வீடு வீடாக ஏறினேன். பதினோரு கதவுகளில் நின்று, தயவுசெய்து உங்கள் கழிவை நாற விடுங்கள் என்று கேட்பது எளிதில்லை. கீழ்வீட்டு டீச்சர், மிஷன் பள்ளியில் ஓய்வு பெற்றவர், வாசலை மறித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, நாறுற வாளிய அந்தப் பொண்ணு கையில நீட்டச் சொல்றீங்களா? நீங்கதானே அன்னைக்கு மூக்கு கீக்குன்னு பாடம் எடுத்தீங்க?"

"தப்பான பாடம் டீச்சர்."

அவர் நம்பவில்லை. மணி கேட்டதும் நேரே வண்டிக்கே போய்விட்டார். அக்கா வாளியை வாங்கிக்கொண்டே சொன்னார்:

"நாறட்டும் டீச்சரம்மா. நாறுனாத்தான் உள்ளார வேல நடக்குதுன்னு அர்த்தம். பினாயில மாடிப்படிக்கு ஊத்துங்க, அதுக்குத்தான் மூக்கு இல்ல."

வலது தொட்டியைக் காலி செய்து, புதுக் கழிவு, புதுச் சருகு, புது உறை. ஐந்தாம் நாள் கம்பி வெதுவெதுப்பாக வந்தது. எட்டாம் நாளும் அதே வெதுவெதுப்பு. பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம்தான். அன்று மணி என் வாசலுக்கு நேர் கீழே நின்று விடாமல் அடித்தது. இறங்கிப் போனேன்.

"இன்னும் ஒரே ஒரு பக்கெட்டு மணக்குதுங்க."

"எந்த வீடு?"

"ஊடு தெரியாதுங்க. கல்லு தெரியும்." வண்டி ஓரத்தில் வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். வெள்ளைக் கல்.

என் கல்லைக் கையில் வாங்கினேன். ஊற்றிய நினைவே இல்லை. கை தானாகச் செய்திருக்கிறது.

"கை பழகிருச்சுக்கா," என்றேன்.

"கைய ஒண்ணும் பண்ண முடியாதுங்க. பாட்டல எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தேன். வாங்கி இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

போகிக்கு முந்தின நாள் ஆபீசர் வந்தார். நானும் போய்ச் சும்மா நிற்பதுபோல் நின்றேன். அக்கா வலது தொட்டியில் கம்பியைச் சொருகினார், காத்திருந்தார், உருவி நீட்டினார். பிடித்த வேகத்தில் ஆபீசர் "அட!" என்று கையை உதறினார். கம்பி சிமெண்டுத் தரையில் விழுந்து கணீரென்றது. தொட்டியில் கம்பி உருவிய குழியிலிருந்து ஆவி எழுந்து தகரத்தின் கீழ் நின்றது.

"போன தடவ வந்தப்ப இப்படி இல்லியே. அப்படி என்னம்மா பண்ணுன?"

அக்கா கம்பியைக் குனிந்து எடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் ஒண்ணும் பண்ணலீங் சார். பிளாட்டுக்காரங்க சுத்தமா இருக்கறத நிறுத்திப்போட்டாங்க."